தீபாவளி எங்கேயும் ஓடிப்போய்விடாது

பண்டிகை நெருங்கினால் யோசனைகள் வந்து குவிகின்றன. பதற்றப்படாதீர்கள், மூச்சை ஆழமாக இழுத்து விடுங்கள், வேலைகளைப் பட்டியல் போட்டுக்கொள்ளுங்கள், தினம் பத்து நிமிடம் கண்ணை மூடி உட்காருங்கள். நல்ல யோசனைகள்தாம். தீபாவளிக்கு முந்தின நாள் இரவு பதினோரு மணிக்குச் சென்னை கிளாம்பாக்கம் பஸ் நிலையத்தில், தோளில் தூங்குகிற பிள்ளையும் காலடியில் ஜவுளிப் பையும் இனிப்புப் பெட்டியுமாக நிற்கிற ஒருவரிடம் போய் இதைச் சொல்லிப் பாருங்கள். அவர் கண்ணை மூடித் திறப்பதற்குள் பஸ்ஸில் இடம் போயிருக்கும்.

நான் அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவன். 1987இல் மதுரையில் வேலைக்குச் சேர்ந்து 2019இல் ஓய்வு பெற்றேன். பெரும்பாலும் திருச்சி, சென்னை வழித்தடங்கள். பண்டிகைக் கூட்டத்தை டிக்கெட் கொடுக்கிற இடத்திலிருந்து பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: கிளாம்பாக்கத்தில் நிற்கிறவரின் பதற்றத்துக்கு அவர் மனசு காரணமில்லை. லட்சக்கணக்கான பேர் ஒரே ராத்திரியில், ஒரே ரோட்டில், ஒரே திசையில் போகப் பார்ப்பதுதான் காரணம். இதற்கு மூச்சுப் பயிற்சி என்ன செய்யும்? நாளை மாற்றினால் சரியாகும்.

தீபாவளியைத் தள்ளிப்போடச் சொல்கிறேன். ஊர் மொத்தத்தையும் சொல்லவில்லை. எந்த வீட்டுக்கு அந்த நாள் தோதுப்படவில்லையோ அந்த வீட்டைச் சொல்கிறேன்.

2024 தீபாவளிக்கு அக்டோபர் 28 முதல் 30 வரை மூன்று நாளில் சென்னையிலிருந்து மட்டும் 11,176 பஸ்கள் என்று அரசு அறிவித்தது. வழக்கமாக ஓடுபவை போக, சிறப்பு பஸ்களே 4,900. இந்தச் சிறப்பு பஸ்கள் எங்கிருந்து முளைக்கின்றன என்று பயணிகள் யோசிப்பதில்லை. வேறு தடங்களில் ஓடுகிற வண்டிகளைப் பிடித்துத்தான் விடுவார்கள். வண்டியோடு டிரைவரும் கண்டக்டரும் போவார்கள். முந்தின வாரம் வரை உள்ளூர் ரூட்டில் ‘ஏறு, ஏறு’ என்று விசில் ஊதிக்கொண்டிருந்தவர் திடீரென்று சென்னைப் புறநகர் நெரிசலில் நிற்பார். எத்தனை வண்டி விட்டால் என்ன, ரோடு அதேதானே? பரனூர் சுங்கச்சாவடியைத் தாண்டுவதற்குள் பாதி ராத்திரி கழிந்துவிடும். ரயிலை நம்புகிறவர்களுக்கு வேறு கதை. 2024 நவம்பரிலிருந்து முன்பதிவு அறுபது நாளுக்கு முன்புதான் திறக்கிறது. காலை எட்டு மணிக்குத் திறந்த சில நிமிடங்களில் தென்மாவட்ட ரயில்களில் காத்திருப்போர் பட்டியல் வந்துவிடும். அன்றைக்கே அந்த வீட்டில் பண்டிகைச் சண்டை ஆரம்பம்.

தள்ளிப்போடுவது எனக்குத் தத்துவமாக வரவில்லை, டூட்டியாக வந்தது. பஸ்காரன், போலீஸ்காரர், நர்ஸ், மின்வாரிய லைன்மேன், மறுநாள் விடிகாலை தெருவெல்லாம் கிடக்கிற பட்டாசுக் காகிதத்தைக் கூட்டுகிற தூய்மைப் பணியாளர் ஆகிய எங்களுக்கெல்லாம் காலண்டரில் இருக்கிற தீபாவளி ஒன்று, வீட்டுக்கு வருகிற தீபாவளி ஒன்று. தீபாவளி வாரத்தில் லீவு கேட்டு எழுதினால் டிப்போவில் சிரிப்பார்கள். அதனால் எங்கள் வீட்டில் தீபாவளி என்றைக்கு என்பதைப் பஞ்சாங்கம் தீர்மானித்ததில்லை, டூட்டி சார்ட்தான் தீர்மானித்தது. பெரும்பாலும் மறுநாள், சில வருஷம் மூன்றாம் நாள்.

தீபாவளியன்று காலையில் நான் இருந்த இடம் எதுவென்று சொல்கிறேன். சென்னையிலிருந்து படிக்கட்டு வரை ஆள் பிதுங்க மதுரைக்கு வந்து சேர்ந்த வண்டி, விடிகாலையில் திரும்பிப் போகும்போது காலியாகப் போகும். அந்த டூட்டி யாருக்கும் பிடிக்காது, கலெக்‌ஷன் இருக்காது. எனக்கு மட்டும் அது பிடிக்கும். ஐந்து மணிக்குக் கிளம்பினால் மேலூருக்குள் நுழையும்போது வாசலுக்கு வாசல் எண்ணெய்த் தலையோடு பிள்ளைகள் நிற்பார்கள். சரம் வெடித்து முடியட்டும் என்று டிரைவர் வண்டியை ஓரமாக நிறுத்துவார். துவரங்குறிச்சிப் பக்கம் ஒரு டீக்கடை. கடைக்காரர் காதோரம் நல்லெண்ணெய் வழிய, மடிப்புக் கலையாத சட்டையில், அன்றைக்கு எங்களிடம் காசு வாங்க மாட்டார். வடைக்குப் பதில் வீட்டிலிருந்து வந்த அதிரசம் இருக்கும். வண்டியில் ஆறேழு பேர் இருந்தால் அதிகம். ஆஸ்பத்திரி டூட்டிக்குப் போகிற ஒரு பெண். பெரியாஸ்பத்திரியில் கிடக்கிற சம்சாரத்துக்கு இட்லியும் கறிக்குழம்பும் தூக்குவாளியில் எடுத்துப் போகிற ஒரு பெரியவர். எங்கே போகிறேன் என்று சொல்ல விரும்பாத யாராவது ஒருவர். தீபாவளியன்று பஸ் ஏறிவிடுகிறவர்களில் அப்படி ஒருவர் கட்டாயம் உண்டு. பெரியவர் தூக்குவாளியை மடியிலிருந்து இறக்கவே மாட்டார். மேலே வையுங்கள் என்றால், ‘ஆடுனா சிந்திரும் தம்பி’ என்பார்.

அந்தப் பயணங்களில் நான் கவனித்தது ஒன்று உண்டு. ஒன்பது, பத்து மணிக்குள் தீபாவளி முடிந்து கிடக்கும். பதினைந்து நாள் ஓடி ஓடிச் சேர்த்த பண்டிகை, திருச்சி போய்ச் சேர்வதற்குள் தீர்ந்துவிட்டிருக்கும். தெருவில் ஆள் இருக்காது. ஜன்னல் வழியாகப் பட்டிமன்றச் சத்தம் மட்டும் கேட்கும். வீட்டுக்குள் இருப்பவர்கள் பாதிப் பேர் தூங்குவார்கள். தூங்காமல் என்ன செய்வார்கள்? முந்தின இரவு முழுக்க எண்ணெய்ச் சட்டி முன்னால் நின்ற பெண்ணும், விடிய விடிய பஸ்ஸில் நின்றுகொண்டே வந்த ஆணும் வேறெப்படி இருக்க முடியும்? ஊருக்குப் போனதே அம்மா அப்பாவோடு உட்கார்ந்து பேசத்தான். பேச்சு சாயங்காலம் ஆரம்பிக்கும்போது, திரும்பிப் போகிற பஸ்ஸைப் பற்றிய கவலையும் கூடவே ஆரம்பித்துவிடும்.

எங்கள் அம்மா அருப்புக்கோட்டைப் பக்கம் கிராமத்தில் இருந்தார். நாள் தள்ளி வருவதில் அவருக்கு ஒரே ஒரு சங்கடம்தான். ஊரில் தீபாவளியன்று ஆடு அடித்துக் கூறு போடுவார்கள், மறுநாள் கறி கிடைக்காது. அதற்கும் அவரே வழி கண்டுபிடித்தார். ‘நீ வார அன்னைக்குக் கோழி அடிச்சுக்கிருவோம்ப்பா, ஆட்டுக்கு என்ன அவசரம்’ என்று சொல்லிவிட்டார். எழுதப் படிக்கத் தெரியாத மனுஷி. பண்டிகையில் எதை மாற்றலாம், எதை மாற்றக் கூடாது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. அமாவாசைக்குப் படைக்க வேண்டியதை அமாவாசையன்றே படைத்துவிடுவார். எண்ணெய்க் குளியல், புதுத்துணி, கறிச்சோறு எல்லாம் ஆள் வந்த பிறகு.

தேதியை மாற்றலாமா, அது முறையா என்று கேட்பவர்களை, மதுரைக்காரனாக இருப்பதால், மாசி வீதிகளுக்கு அழைத்துப் போவேன். மீனாட்சி கல்யாணமும் தேரோட்டமும் ஒரு காலத்தில் மாசி மாதத்தில் நடந்தவை. பதினேழாம் நூற்றாண்டில் திருமலை நாயக்கர்தான் அதைச் சித்திரைக்கு மாற்றி, தேனூரில் ஆற்றில் இறங்கிக்கொண்டிருந்த கள்ளழகரை மதுரை வைகைக்கு வரவழைத்து, இரண்டு திருவிழாவையும் ஒன்றாகச் சேர்த்தார். ஏன் மாற்றினார் என்பதற்கு ஊரில் சொல்கிற காரணம் ரொம்ப எளிமையானது. மாசி அறுவடைக் காலம். குடியானவர்கள் வயலில் நின்றார்கள், தேர் இழுக்க ஆள் சேரவில்லை. சித்திரையில் கையில் நெல்லும் காசும் இருக்கும், ஆளும் சும்மா இருப்பான். இன்றைக்கும் சித்திரைத் தேர் சுற்றி வருவது மாசி வீதிகளில்தான். மீனாட்சியின் கல்யாணத் தேதியையே குடியானவனுடைய தோதுக்காக மாற்றிய ஊர் இது. என் மருமகனுடைய டூட்டிக்காக நான் ஒரு தீபாவளியை மாற்றக் கூடாதா?

ராஜா வரைக்கும் போக வேண்டாம். எங்கள் பக்கத்துக் கிராமங்களில் அம்மன் பொங்கல் என்றைக்கு என்று காலண்டரில் போட்டிருக்காது. ஊர்க்கூட்டம் போட்டு, தலைக்கட்டு வரி பேசி, வெள்ளாமை எப்படி, திருப்பூருக்கும் சென்னைக்கும் போன பையன்கள் என்றைக்கு வருவார்கள் என்றெல்லாம் பார்த்துத்தான் பொங்கல் சாட்டுவார்கள். சாட்டுவதற்கு முன்னால் ஊரில் பெரிய காரியம் ஏதும் நடந்துவிட்டால் தள்ளிப்போகும். அம்மன் கோபித்துக்கொண்டதாக யாரும் சொன்னதில்லை. எங்களோடு வேலை பார்த்த கண்டக்டர் பாய் ஒருவருக்கு, பிறை தெரிகிற வரை ரம்ஜான் நாளைக்கா நாளை மறுநாளா என்பதே தெரியாது. லீவு கேட்டு எழுதுகிற தாளில் தேதிக்கு இடம் விட்டு எழுதுவார். பக்ரீத் குர்பானிக்கு மூன்று நாள் அவகாசம் உண்டு என்று அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். கிறிஸ்துமஸ் காலமும் ஒரு நாளில் முடிவதில்லை, ஜனவரி 6 வரை நீள்கிறது. நம் பொங்கலை எடுத்துக்கொண்டால், பானைக்கு ஒரு நாள், மாட்டுக்கு ஒரு நாள், மனுஷரைப் பார்ப்பதற்கென்றே காணும் பொங்கல் ஒரு நாள் என்று நிதானமாகத்தான் வகுத்து வைத்திருக்கிறார்கள். தீபாவளியை மட்டும் நாம் ஒரு விடிகாலைக்குள் போட்டுத் திணித்துக்கொண்டோம். வட இந்தியாவில் அமாவாசை இரவில் விளக்கேற்றுகிறார்கள், நாம் நரக சதுர்த்தசி விடியலில் குளிக்கிறோம். பல வருஷங்களில் அவர்களுக்கும் நமக்குமே ஒரு நாள் வித்தியாசம் வருகிறது.

கேதார கௌரி நோன்பு இருக்கிறவர்கள் அதை அந்த நாளில்தான் இருக்க வேண்டும். அதில் எனக்கு மறுப்பில்லை. நோன்புக்கு நோற்கிறவர் போதும், நாற்பது பேர் பஸ் ஏறி வர வேண்டியதில்லை. சாமிக்கு உள்ளதைத் திதியில் செய்துவிட்டு, சொந்தத்துக்கு உள்ளதைத் தோதுப்பட்ட நாளில் வைத்துக்கொண்டால் இரண்டுமே கெடாது.

பிள்ளைகள் விஷயம்தான் கஷ்டம். தெருவே புதுத்துணியில் திரியும்போது நம் வீட்டுப் பிள்ளை மட்டும் பழைய பாவாடையோடு வாசலில் நின்றால் எந்தத் தத்துவமும் எடுபடாது. என் மகள் சின்னவளாக இருந்தபோது அழுதிருக்கிறாள். கடைசியில் ஒரு ஏற்பாட்டுக்கு வந்தோம். தீபாவளியன்று ஒரு புதுத்துணி, அப்பா வந்த பிறகு ஒன்று. முதலாவது விலை குறைந்தது, அவளே கடையில் பார்த்து எடுப்பாள். பட்டாசைப் பிரிக்காமல் வைத்திருப்பாள். மறுநாள் தெருவில் எல்லாரிடமும் தீர்ந்துபோயிருக்கும், எங்கள் வீட்டில் மட்டும் சங்குசக்கரமும் புஸ்வாணமும் முழுசாக இருக்கும். தெருப் பிள்ளைகள் அத்தனை பேரும் எங்கள் வாசலில் வந்து உட்கார்ந்திருப்பார்கள். முந்தின நாள் அழுத பிள்ளைக்கு அன்றைக்கு வந்த அதிகாரத்தைப் பார்க்க வேண்டுமே.

இப்போது அப்படி முடியாது. உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு 2018இலிருந்து தமிழ்நாட்டில் தீபாவளியன்று காலை ஆறு முதல் ஏழு, மாலை ஏழு முதல் எட்டு என்று நேரம் வகுத்திருக்கிறார்கள். நாள் தள்ளிப்போடுகிற வீட்டில் வெடி இல்லாமல்தான் தீபாவளி. அது பெரிய நஷ்டம் என்று நினைப்பவர்கள் சிவகங்கை மாவட்டம் கொள்ளுகுடிப்பட்டிக்குப் போய்ப் பார்க்கலாம். வேட்டங்குடி பறவைகள் சரணாலயத்தை ஒட்டிய ஊர். கண்மாய் மரங்களில் கூடு கட்டியிருக்கிற நாரைகளும் கொக்குகளும் மிரண்டுவிடக் கூடாது என்று அந்த ஊர்க்காரர்கள் பல பத்தாண்டுகளாகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. வனத்துறை அவர்களுக்கு இனிப்புக் கொடுத்து மரியாதை செய்வதுண்டு. அந்த ஊர்ப் பிள்ளைகளும் பிள்ளைகள்தாம். வெடி ஆசை அவர்களுக்கு மட்டும் இல்லாமலா இருக்கும்?

இப்போது தலை தீபாவளிக்கு வருகிறேன். இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியதே அதுதான்.

2024இல் என் மகளுக்குத் தலை தீபாவளி. மாப்பிள்ளை சென்னையில் ஒரு ஆஸ்பத்திரியில் லேப் டெக்னீஷியன். அந்த வருஷம் தீபாவளி அக்டோபர் 31, வியாழக்கிழமை. வெள்ளியையும் அரசு விடுமுறையாக்கிவிட்டது, சனி ஞாயிறோடு நான்கு நாள். ஊரெல்லாம் கொண்டாட்டம். ஆஸ்பத்திரி லேபுக்கு அந்த நான்கு நாளும் ஆள் வேண்டும். புதிதாகச் சேர்ந்தவர் என்பதால் அவர் தலையில்தான் விழுந்தது. மகள் போனில் அழவில்லை, ‘என்னப்பா பண்ணலாம்?’ என்று மட்டும் கேட்டாள். தள்ளிப்போடுவோம் என்றேன்.

சம்பந்தி வீட்டில் அது சுலபமாக இறங்கவில்லை. ‘எல்லாத்தையும் தள்ளிப்போடலாம் சம்பந்தி, தலை தீபாவளியையுமா? நாலு பேரு என்ன சொல்லுவாங்க?’ என்று அவர் வருத்தத்தோடுதான் கேட்டார். நான் திருமலை நாயக்கரை எடுத்து விடலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கையில், பக்கத்தில் நின்ற என் மனைவி போனை வாங்கி, ‘அண்ணே, அந்த நாலு பேரும் அன்னைக்கு அவங்கவங்க வீட்டுல முறுக்கு சுட்டுக்கிட்டு இருப்பாங்க. நம்ம வீட்ட எட்டிப் பாக்க யாருக்கு நேரம் இருக்கு?’ என்றார். மறுமுனையில் சிரிப்பு வந்தது. வழக்கு அதோடு முடிந்தது.

எந்த நாள் என்பதில் இன்னொரு சிக்கல். மறு வாரம் வைக்கலாம் என்றால் நவம்பர் 2 முதல் கந்த சஷ்டி. என் மனைவி ஆறு நாளும் விரதம். மாப்பிள்ளைக்குக் கறி ஆக்கிப் போடாமல் தலை தீபாவளியா? 7ஆம் தேதி சூரசம்ஹாரம், 8ஆம் தேதி திருக்கல்யாணம் முடிந்து, 9ஆம் தேதி சனிக்கிழமை என்று முடிவானது. மகளும் மாப்பிள்ளையும் வெள்ளி இரவு வழக்கமான பஸ்ஸில், வழக்கமான கட்டணத்தில், கால் நீட்டித் தூங்கிக்கொண்டு வந்தார்கள். சனிக்கிழமை காலை மாட்டுத்தாவணியில் மல்லிகைப்பூ வாங்கினேன். தீபாவளிக்கு முந்தின நாள் தொட முடியாத விலையில் இருந்த பூ, கைக்கெட்டும் விலைக்கு இறங்கியிருந்தது. கறிக்கடையில் வரிசை இல்லை. எந்தக் கறி வேண்டுமென்று கடைக்காரரே நின்று கேட்டார். எண்ணெய் தேய்த்துக் குளித்து, மோதிரம் போட்டு, இட்லியும் கறிக்குழம்புமாகச் சாப்பிட்ட பிறகு, யாரும் யாரையும் பார்த்து மணி கேட்கவில்லை. மாப்பிள்ளை பன்னிரண்டு மணி வரை பேசிக்கொண்டிருந்தார். கல்யாணத்தன்று அவரிடம் நாலு வார்த்தைதான் பேசியிருப்பேன். அவர் அப்பாவோடு அவருக்கிருந்த ஒரு மனத்தாங்கலை, திண்ணையில் உட்கார்ந்து அன்றைக்குத்தான் சொன்னார். அது என்னவென்று இங்கே எழுதுவதற்கில்லை. அக்டோபர் 31ஆம் தேதி, இரண்டு ராத்திரி தூக்கம் கெட்டு வந்து இறங்கியிருந்தால் அதைச் சொல்லியிருக்க மாட்டார் என்பது மட்டும் நிச்சயம்.

‘உங்களுக்கு முடிந்தது, எல்லாருக்கும் அடுத்த வாரம் லீவு கிடைக்குமா?’ என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. இதற்குச் சட்டத்தில் ஏற்கெனவே ஒரு பதில் இருக்கிறது என்பது தொழிற்சங்கத்தில் இருந்தபோது தெரிந்துகொண்டது. தமிழ்நாடு தொழில் நிறுவனங்கள் தேசிய, பண்டிகை விடுமுறைச் சட்டம், 1958. நான்கு தேசிய விடுமுறை, ஐந்து பண்டிகை விடுமுறை என்று அது சொல்கிறது. பண்டிகை நாளில் ஒரு தொழிலாளியை வேலைக்குக் கூப்பிட்டால் இரட்டைச் சம்பளம் கொடுக்க வேண்டும்; அல்லது அன்றைய சம்பளமும் வேறொரு நாள் சம்பளத்தோடு விடுமுறையும் கொடுக்க வேண்டும். எது வேண்டும் என்பது தொழிலாளியின் விருப்பம். பண்டிகையை வேறொரு நாளில் வைத்துக்கொள்ள அந்தக் காலத்திலேயே வழி செய்திருக்கிறார்கள். பெரும்பாலானவர்கள் காசைத்தான் எடுத்துக்கொள்கிறார்கள், அதைக் குறை சொல்ல முடியாது. மாற்று விடுமுறை என்று ஒன்று இருப்பதையே பல முதலாளிகள் வாயைத் திறந்து சொல்வதில்லை, அதைக் குறை சொல்லலாம்.

ஜவுளிக்கடைப் பெண்களை நினைத்துப் பாருங்கள். கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று கேரளம் 2018இலும் தமிழ்நாடு 2021இலும் சட்டத்தைத் திருத்தின. உட்காருவதற்கே சட்டம் வேண்டியிருந்த இடம் அது. வாரக்கணக்கில் நமக்குச் சேலையை விரித்து விரித்துக் காட்டிவிட்டு, தீபாவளிக்கு முந்தின நாள் கடை அடைத்த பிறகு ஊருக்குப் பஸ் தேடி வருவார்கள். கடைசி வண்டிகளில் அவர்களை நிறைய ஏற்றியிருக்கிறேன். சீட் கிடைக்காவிட்டால் இன்ஜின் பானட் மேல் உட்கார்ந்து தூங்குவார்கள். மதுரை விளக்குத்தூண் பக்கம் தெருவில் துணி போட்டு விற்பவர்களுக்கு வியாபாரமே அன்றைய நள்ளிரவில்தான். விலை இறங்கட்டும் என்று காத்திருக்கிற ஏழைக் குடும்பங்கள் அந்த நேரத்துக்குத்தான் வரும். மூன்று மணி, நாலு மணிக்கு விற்று முடித்துப் படுக்கிற ஆளுக்குத் தீபாவளி எந்தத் தேதி? தீபாவளி முடிந்த அடுத்த திங்கள் முதல் ஞாயிறு வரை ஆளுக்கொரு நாளாக, சம்பளத்தோடு கடைக்காரர்கள் விடட்டும். கூட்டமில்லாத வாரம்தானே, கடை ஒன்றும் படுத்துவிடாது.

நாம் கடைசி நாளில் கடைக்குப் போகாமலிருந்தால் அவர்கள் கொஞ்சம் முன்னதாக வீட்டுக்குப் போவார்கள் என்பதும் உண்மை. ஆனால் போனஸ் கடைசி வாரத்தில் கைக்கு வருகிற வீடுகளுக்கு அந்த உபதேசத்தைச் செய்ய எனக்கு வாய் வராது. எங்கள் வீடும் அப்படிப்பட்ட வீடுதான். முன்கூட்டியே வாங்கி வையுங்கள் என்று சொல்வதற்கு முன்னால் பணம் முன்கூட்டியே வர வேண்டும்.

இவ்வளவும் எழுதி என் மனைவியிடம் படித்துக் காட்டினேன். எல்லாம் சரி என்றுதான் கேட்டுக்கொண்டிருந்தார். முடித்ததும் ஒரு கேள்வி கேட்டார்: ‘தள்ளிப் போட்டா எனக்கு ரெண்டு தீபாவளி. அத ஏன் எழுதல?’

சொல்வது உண்மை. நாள் மாறினாலும் தீபாவளியன்று பக்கத்து வீட்டிலிருந்து பலகாரத் தட்டு வரும், வெறும் தட்டைத் திருப்பிக் கொடுக்க முடியாது. வீட்டில் இருப்பவர்களுக்கு ஏதாவது செய்தாக வேண்டும். பிறகு பிள்ளைகள் வருகிற அன்றைக்கு மறுபடியும் மாவு, பாகு, எண்ணெய்ச் சட்டி. அதிரசப் பாகு பதம் பார்க்க அவர் ஒருத்தர்தான். பஸ் நெரிசலிலிருந்து நான் தப்பித்தேன், மகள் தப்பித்தாள். அடுப்படியில் கூட்டம் குறையவில்லை.

இந்த வருஷத்துக்கு அவர் ஒரு நிபந்தனை போட்டிருக்கிறார். தீபாவளியன்று வீட்டில் இட்லியும் கடைப் பலகாரமும்தான், பக்கத்து வீட்டுத் தட்டிலும் அதுவே போகும். பிள்ளைகள் வருகிற சனிக்கிழமைக்கு அவர் மாவும் பாகும் தயார் செய்து கொடுப்பார், சுடுவது வருகிறவர்கள் பொறுப்பு. எனக்கும் ஒரு சட்டி ஒதுக்கியிருக்கிறார். மாப்பிள்ளை உடனே சரி என்றுவிட்டார். மாப்பிள்ளையை அடுப்படியில் நிறுத்தலாமா என்ற பேச்சு மட்டும் சம்பந்தி வீட்டில் இன்னும் ஓய்ந்தபாடில்லை.